ஜவ்வாது மலை மணக்குமா?



வேலூரில் பஸ் ஏறி திருவண்ணாமலைக்குப் போகும்போது, வழியில் போளூர் வரும். முதல் முறையாக அந்தப் பெயரைக் கேட்கும் சில வாண்டுகள், "இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு போளி சுடுவாங்களா?" என்று கேட்பதுண்டு. மேற்கே தெரிகிற மலையைக் காட்டி, "அதுதான் ஜவ்வாது மலை" என்றால் போதும். ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "வாசனையே வரலையே!" என்பார்கள்.

பஸ்சே சிரிக்கும். சிரிக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால், அந்த வாண்டின் மூளை என்ன செய்தது, பாருங்கள். தெரிந்த சொல்லை வைத்து, தெரியாத பெயருக்கு அர்த்தம் தேடியது. பெரியவர்கள் இதைச் செய்தால், 'ஆராய்ச்சி' என்கிறோம். வாண்டு செய்தால் சிரிக்கிறோம்!

வாசனைக் கேள்வியும் அசட்டுக் கேள்வி அல்ல. ஜவ்வாது மலை, சந்தன மரங்களுக்குப் பேர் போனது. நிற்கிற சந்தன மரம் மணக்காது. உள்ளே வைரம் பாய்ந்த கட்டையை அரைத்தால்தான் மணக்கும். வாண்டு அப்படிக் கேட்டதால்தானே, இந்தச் செய்தி நமக்கும் கிடைத்தது?

வீட்டிலும் இப்படித்தான். "அப்பாவுக்குத் தலைக்கு மேல வேலை" என்றதும், அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கும் தங்கை, எந்த வீட்டில்தான் இல்லை!

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களுக்கு, 'மலையாளி' என்று பெயர். மலையை ஆளுகிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கொல்லிமலை, கல்வராயன் மலை, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகிய இடங்களிலும் இவர்கள் இருக்கின்றனர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பேசுவது தமிழ். 'எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள்' என்று, அவர்களது பெரியவர்கள் சொல்கின்றனர். மலையில் சாமை விளைவிப்பதும், தேன் எடுப்பதும் இவர்கள்தான்.

அந்த மலையில் இருந்து ஒரு மாணவி, கீழே வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "நாங்க மலையாளி" என்கிறாள். உடனே வகுப்பில் ஒருவன், "அப்படின்னா மலையாளத்துல பேசு, பார்க்கலாம்!" என்கிறான். முதல் நாள் அவளும் சேர்ந்து சிரிப்பாள். பெயரால் வந்த குழப்பம்தானே! பத்தாவது நாளும், அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டால்? அது நகைச்சுவை இல்லை; கேலி. அப்புறம் அவள், தன் ஊரைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். சாமைச் சோறு எப்படி இருக்கும், தேன் கூட்டை எப்படி எடுப்பார்கள் என்பதெல்லாம், நமக்குத் தெரியாமலே போய்விடும். நஷ்டம் அவளுக்கு மட்டுமா?

பெயர்க் குழப்பத்தில் நம்மை எல்லாம் மிஞ்சியவர் ஒருவர் இருக்கிறார்; கொலம்பஸ்! 1492ல், இந்தியா பக்கம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து, அமெரிக்கப் பக்கத்துத் தீவில் இறங்கினார். அங்கே இருந்த மக்களை, 'இந்தியர்' என்று அழைத்தார். தப்பு என்று தெரிந்த பிறகும், அந்தப் பெயர் பல நூறு ஆண்டு ஒட்டிக் கொண்டது.

வான்கோழி கதை இதைவிட வேடிக்கை. அது, அமெரிக்காவைச் சேர்ந்த பறவை. ஆங்கிலத்தில் அதற்கு, 'டர்க்கி' என்று பெயர், அதாவது, துருக்கி! துருக்கி நாட்டுக்காரர்கள், 'எங்க ஊர்ப் பறவை இல்லையே' என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், 'ஹிந்தி'; அதாவது, இந்தியாவில் இருந்து வந்தது! பாவம், வான்கோழி. அதன் சொந்த ஊரை யாருமே கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள்... போளூரில் போளி தேடிய வாண்டு பெரிய ஆளா, கொலம்பஸ் பெரிய ஆளா?

என் கட்சி இதுதான். குழப்பத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். குழம்பியவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாரா என்று, ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். அவர் முகம் சுருங்கினால், சட்டென்று நிறுத்திவிட்டு, விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். அல்லது அவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

மலையில் இருந்து இறங்கி வந்து படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு மட்டும், ஒரு ரகசியப் பதில் சொல்லித் தருகிறேன். யாராவது, "மலையாளத்துல பேசு" என்று கேட்டால், கோபப்படாமல் இப்படிச் சொல்லுங்கள்:

"ஓ... பேசறேனே! நீ போளூர்தானே? முதல்ல நீ ஒரு போளி சுட்டுக் கொடு!"