இறகு குப்பையா?

கோழிக்கடை வாசலில் மூட்டை மூட்டையாய் இறகு! விடிவதற்குள் அது ஏரிக்கரையில் கிடக்கும். நாற்றம் யாருக்கு? கரையோரம் குடிசை போட்ட ஏழைக்கு!

"குப்பைதானே!" என்பார் சிலர். குப்பையா அது? நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கெரட்டின் எனும் புரதம் ஐயா! நம் நகத்திலும் முடியிலும் இருப்பது. கந்தகப் பிணைப்பால் இறுகியது. நீரில் கரையாது, எளிதில் மட்காது. ஏரியைக் கெடுக்கும் அந்த உறுதியே ஆலைக்கு மூலதனம்!

2011-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது என்ன? இறகுப் புரதத்தோடு மெத்தில் அக்ரிலேட் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள், மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவதுபோல. சூட்டில் இளகி, அழுத்தினால் ஏடாகும் பிளாஸ்டிக் பிறந்தது! ஈரத்தையும் தாங்கியது. அக்ரிலேட் பெட்ரோலியச் சரக்குதான், மறைக்கவில்லை. ஆனால் இறகு சேர்ந்த அளவுக்கு எண்ணெய் மிச்சமல்லவா?

பல்லடத்துக் கோழி ஊர் ஊராகப் போகிறது. நகராட்சிகள் இறகைத் தனியே திரட்டட்டும். ஆய்வுக்கூடங்களுக்கு அரசு பணம் தரட்டும். நாளை ஆலை எழலாம், முதலாளியும் வருவார். தோழர்களே, கொதிநீரில் கை வெந்து இறகு பறிப்பவனுக்கு அதில் என்ன பங்கு? திறப்பு விழாவுக்கு முன்பே கேட்டுவைப்போம்!