காப்புக் கட்டும் ஊர் எல்லையும்

தமிழகத்துச் சிற்றூர்களில் அம்மன் திருவிழா காப்புக் கட்டுதலோடு தொடங்கும். மஞ்சள் தோய்ந்த அந்நூலை ஏற்றவர், காப்பு அவிழும்வரை ஊர் எல்லை தாண்டி இரவு தங்கலாகாது என்பது பல ஊர்களின் மரபு. சமயபுரத்திலோ அன்னை மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் காக்கின்றாள்.

தோட்டங்களில் பாடுபட்ட முன்னோர் இம்மரபை ஜொகூருக்கும் கொணர்ந்தனர். தோட்டத்தில் எல்லை தெளிவாயிருந்தது. இன்றோ ஜொகூர் பாரு அன்பர் பலர், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தை விடியுமுன் கடந்து சிங்கப்பூரில் பணிபுரிகின்றனர். தைப்பூசத்திற்கு ஜொகூரில் பொது விடுமுறை உண்டு. சிங்கப்பூரிலோ 1968ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் அதனை நீக்கிவிட்டது.

கடல் கடந்து உழைப்பவர் காப்புக் கட்டலாமா? தாராளமாகக் கட்டலாம். மரபு தடுப்பது இரவுத் தங்கலையே, பகற்பிழைப்பை அன்று. சந்தைக்கும் கூலிக்கும் சென்று மீண்டவர்கள் வாழ்ந்த ஊர்களின் விதியல்லவா அது! ஆனால் அக்கரையிலேயே தங்கிவிடுவோர் அதனை அணிகலன்போல் பூணுதல் தகாது. விடுப்புக் கிட்டும் ஆண்டில் நேர்த்திக்கடனைச் செலுத்தட்டும், அன்னை பொறுத்திருப்பாள். ஆலயங்களும் பாலத்து நெரிசலைக் கருதி, விழா நாள்களில் மாலைப் பூசையைச் சற்றே பிந்தி வைத்தல் நலம்.