ரத்தம் போனாலே மூலம்தானா?

‘டாக்டர், உடம்புல சூடு ஜாஸ்தி. மூலத்துல ரத்தம் போகுது. லேகியம் ஏதாவது கொடுங்க!’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் அதிகம். நோயின் பெயரையும் மருந்தையும் நோயாளியே முடிவு செய்துவிட்டால் வைத்தியருக்கு வேலை மிச்சம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். ‘மூலம்’ என்றார். நானும் கருணைக்கிழங்கு லேகியம் கொடுத்து, காரத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து நின்றாள். ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறாய்? ரத்தத்தோடு சளியும் வருகிறதா? ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓடுகிறாயா?’ இந்த மூன்று கேள்விகளை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ என்று.

அது என்ன? உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறித் தாக்குவதால், பெருங்குடலின் உட்சுவர் அழற்சி கண்டு புண்ணாகிவிடுகிறது. மலக்குடலில் ஆரம்பித்து, விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாக மேல்நோக்கிப் பரவும். பெரும்பாலும் இள வயதில்தான் தலைகாட்டும். காரமும் கவலையும் தொந்தரவை அதிகப்படுத்தலாம். ஆனால், நோயை உண்டாக்குவது அவை அல்ல. சீதபேதி, குடல் காசநோய்கூட இதே வேஷம் போடும் என்பதால், மலப் பரிசோதனையும் குடலின் திசுத் துணுக்குப் பரிசோதனையும் அவசியம்.

இந்த நோய் அடங்கும், மறுபடி கிளம்பும். நன்றாக இருக்கும்போதுதான் பலரும் தப்பு செய்கிறார்கள். ‘இங்கிலீஷ் மருந்தெல்லாம் சூடுங்க, நிறுத்திட்டேன்’ என்பார்கள். மெசலமைன் போன்ற மாத்திரைகள் நோய் திரும்பாமல் காப்பவை. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ‘அதையெல்லாம் தூக்கிப் போடு, என் சூரணத்தில் அடியோடு குணமாக்குகிறேன்’ என்று யாராவது சொன்னால், அவர் சித்த வைத்தியரே ஆனாலும் நம்பாதீர்கள். எங்களிடம் மருந்து வாங்கினால், அதை உங்கள் குடல்நோய் நிபுணரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. குடலைச் சுத்தம் செய்யப் பேதிக்குச் சாப்பிடுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். இந்த நோய் உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும் நோயைக் கிளப்பிவிடலாம்.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். நோய் தீவிரமாக உள்ள நாட்களில் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், தோல் நீக்கி வேகவைத்த காய் போதும். ஒத்துக்கொண்டால் மோர் சேர்க்கலாம். அடங்கிய பிறகு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். வீணாகப் பத்தியம் இருந்தால் ரத்தசோகைதான் மிச்சம்.

ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போய், காய்ச்சலும் படபடப்பும் இருந்தாலோ, வயிறு உப்பினாலோ என்னைத் தேடி வராதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் வந்து எட்டு வருடம் ஆகிவிட்டால், தொந்தரவே இல்லாவிட்டாலும் புற்றுநோய் இருக்கிறதா என்று கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மாத்திரையை மட்டும் விடவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ‘மூலம்’ என்று சொன்னால், வெட்கப்படாமல் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.