வசைக்கு வசை பதிலாகாது

வாக்குப்பதிவு நாள் நெருங்க நெருங்க, தன் பணியைச் சொல்லி வாக்குக் கேட்பது குறைந்து, எதிராளியின் குறையைச் சொல்லி வாக்குக் கேட்பது கூடிவிடுகிறது. சுவரொட்டி, நோட்டீஸ், ஆட்டோ ஒலிபெருக்கி என்று இருந்த இந்தப் பழக்கம் இன்று பத்திரிகையின் முதல் பக்கத்துக்கும் கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. தாக்கப்படும் வேட்பாளர்களில் பலர் காதில் விழாததுபோல் கடந்துபோகிறார்கள்; சிலர் இரண்டு மடங்கு வசையோடு திருப்பித் தாக்குகிறார்கள். இரண்டுமே வாக்காளருக்குச் செய்யும் அநீதி. பொதுப்பணி குறித்த குற்றச்சாட்டுக்கு ஆவணத்தோடு பதில் தர வேண்டும். தனிவாழ்வையும் சாதி மதத்தையும் இழுக்கும் பொய்யைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும். குமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் இந்த வரையறைக்குள் நிற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எதிராளியை விமர்சிக்கும் விளம்பரமே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?” என்று 1967-இல் தெருத்தெருவாக எழுந்த முழக்கம், அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசுச் செயல்பாட்டை நோக்கி எழுந்த நேர்மையான கேள்வி. அதற்கு ஆளுங்கட்சியான காங்கிரசால் மக்கள் ஏற்கும்படி பதில் சொல்ல முடியவில்லை; ஆட்சி போயிற்று. விருதுநகரில் காமராஜரே 1,285 வாக்குகளில் தோற்றார். ஆனால், மக்களவை உறுப்பினர் நேசமணி மறைந்ததால் 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில், அதே காமராஜரை இம்மாவட்ட மக்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சி மீதான கோபத்தையும் மனிதர் மீதான மதிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் வாக்காளர்கள். அவர்களை நம்பிப் பதில் சொல்வதில் எந்த வேட்பாளருக்கும் நஷ்டமில்லை.

நம் காலத்துக்கு வருவோம். இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையத் துறைமுகம் அமைக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை கொந்தளித்தது. பிறகு திட்டத்தின் இடம் கன்னியாகுமரி அருகே கோவளம் பக்கமாக நகர்ந்தது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. கன்னியாகுமரி மக்களவை உறுப்பினர் வசந்தகுமார் மறைவையடுத்து 2021 ஏப்ரல் 6-இல் நடந்த மக்களவை இடைத்தேர்தலில், முன்பு கப்பல் துறை இணையமைச்சராக இருந்த பொன். ராதாகிருஷ்ணனுக்கு எதிரான பிரசாரத்தில் துறைமுகமே முன்னால் நின்றது. துறைமுகம் வராது, இது பொய்ப் பிரசாரம் என்று அவருடைய கூட்டணியினர் மேடைகளில் மறுத்தார்கள். ஆனால் தேர்தலுக்குச் சற்றுமுன் வெளியான துறைமுகத் திட்ட அறிவிப்பு மக்கள் கையில் இருந்தது. அச்சில் வந்த அரசு அறிவிப்பை மேடைப் பேச்சால் மறுக்க முடியுமா? திட்டம் கைவிடப்பட்டது என்று அரசாணையோ அமைச்சகத்தின் கடிதமோ காட்டியிருந்தால் அது பதிலாக இருந்திருக்கும். அந்தத் தேர்தலின் முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும், எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில்தான் பதில் வேண்டும் என்பது எல்லாக் கட்சிக்கும் பொதுவான பாடம். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் பறிபோகும் உயிர்கள், கேரளத்துக்குப் போகும் கனிமவள லாரிகள், கிள்ளியூர் வட்டத்து மணல் சுரங்கத் திட்டம் என்று எந்தக் கேள்வி வந்தாலும் இதுவே அளவுகோல்.

இன்னொரு வகைத் தாக்குதல் உண்டு: வேட்பாளரின் தனிவாழ்வையும் சாதி மதத்தையும் இழுப்பது. கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு விமர்சனம் நிற்க வேண்டும் என்கிறது தேர்தல் நடத்தை விதி. இந்த எல்லையைத் தாண்டினால் மற்ற ஊர்களைவிட நமக்கு இழப்பு அதிகம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் உயிரிழப்புகளையும் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் இந்த மாவட்டத்தில், வேட்பாளரின் மதத்தைச் சுட்டும் ஒரு காணொளி வாக்கெண்ணிக்கையோடு முடிந்துபோகாது. அதனால் தாக்கப்பட்டவரின் பொறுப்பு இங்கே கூடுதல். அவர் அதே மொழியில் திருப்பிக் கொடுத்தால், தாக்கியவர் விரித்த வலையில் ஊரே விழும்.

சட்டம் இருக்கிறது. வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கம் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவின்படி முறைகேடு. வெற்றியே செல்லாமல் போகலாம். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத தேர்தல் நோட்டீஸ் 127-ஏ பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் தேர்தல் முடிவு வெளியான பிறகுதான் தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். தேர்தலின் நடுவே நீதிமன்றம் தலையிட்டாலும் தாமதமாகலாம். 2024 மே மாதம் திரிணமூல் காங்கிரசுக்கு எதிரான பாஜக விளம்பரங்களுக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, புகார்களைக் கவனிக்கத் தவறியதற்காகத் தேர்தல் ஆணையத்தையும் கடுமையாகச் சாடியது. தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீதி கிடைத்தது; ஆனால் அதற்குள் பல கட்ட வாக்குப்பதிவு முடிந்திருந்தது.

நேரம்தான் இங்கே பெரிய ஆயுதம். சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன், 2021 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை காலை, திமுகவைத் தாக்கும் அதிமுக விளம்பரங்கள் செய்தியைப் போன்ற தலைப்புகளோடு முன்னணி நாளிதழ்களின் முதல் பக்கங்களை நிறைத்தன. அன்று மாலை 7 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. திமுக தேர்தல் ஆணையத்திடம் புகார் செய்தது. ஆனால் மக்களிடம் நேரில் பதில் சொல்ல எஞ்சியிருந்தது ஒரு பகல் மட்டுமே. அச்சு விளம்பரத்துக்கு முன்அனுமதி கட்டாயம் என்பது வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும்தான். ஏப்ரல் 4 அந்த வரம்புக்கு வெளியே இருந்தது. கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. சட்டமன்ற வேட்பாளருக்கோ 40 லட்சம் ரூபாய்தான் வரம்பு. கடைசி நேரத்தில் தாக்கப்படும் சுயேச்சையும் சிறு கட்சி வேட்பாளரும் எந்தப் பக்கத்தை வாங்கிப் பதில் சொல்வார்கள்?

ஆகவே, எதிராளியைப் பெயர் சொல்லித் தாக்கும் அச்சு விளம்பரங்களுக்கான முன்அனுமதியை, வாக்குப்பதிவுக்கு முந்தைய ஒரு வாரத்துக்கும் ஆணையம் நீட்டிக்க வேண்டும். மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு ஒவ்வொரு புகாரின் மீதும் 24 மணி நேரத்துக்குள் முடிவெடுத்து, அதை ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். விளம்பரத்துக்குச் செய்தியின் உடை போடுவதை எங்களையும் சேர்த்து எல்லாப் பத்திரிகைகளும் கைவிட வேண்டும். தாக்கப்பட்டவரின் மறுப்பைக் கட்டணமின்றி அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

வாக்காளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், உங்கள் மீது சொல்லப்பட்டதற்கு என்ன பதில், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்பவரைக் கட்சி பார்க்காமல் மதியுங்கள். பதிலுக்கு வசையைத் தருபவருக்கு உங்கள் வாக்கைத் தராதீர்கள்.