கருவி யார் கையில்?

பள்ளிக்கூடத்து மணி அடித்ததும் படிப்பு முடிந்துவிடுவதில்லை. நவீன சாதனங்களின் உதவியால் வீட்டுத் திண்ணையிலும் வித்தை வளரும் என்பதை மறுப்பார் இலர். நமது ராஜ்ய சர்க்காரும் இதை உணராமலில்லை. 2018-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் கியூ.ஆர். குறி அச்சிடப்பட்டு வருகிறது; கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்தின் விளக்கம் படமாக ஓடுகிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் ஆரம்பமாயிற்று. இவற்றை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், புத்தகத்தை இலவசமாகப் பெறும் ஏழைப் பிள்ளைக்கு அக்குறியைத் திறக்கும் கருவி எங்கே? வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி விடியற்காலையில் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடுகிறது; அது திரும்பும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. 2017–18-இல் இந்திய சர்க்கார் நடத்திய தேசிய மாதிரி ஆய்வின்படி, தேசத்தின் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்குச் சுமார் 15-க்கே இணைய வசதி இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தவை நூற்றுக்கு 5 கூட இல்லை. பின்னர் கைப்பேசி பெருகியது மெய்யே. எனினும் குடும்பத்துக்கு ஒன்று என்பது பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடாது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இக்குறை வெட்டவெளிச்சமாயிற்று. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’ எதை நாடிற்று? 20 பிள்ளைகளுக்கு ஒரு தொண்டர் என்று மனிதரையே நாடிற்று. கருவி வேண்டும், அதன் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். இதுவே அனுபவம் புகட்டிய பாடம்.

இரண்டுக்கும் ஏற்ற இடம் ஊர் நூலகமே. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் நம்மிடம் வசூலிக்கப்படுகிறது. அது பிரஜைகளின் பணம். அதைக் கொண்டு ஒவ்வொரு நூலகத்திலும் மாலை வேளையில் இணையத்தோடு கூடிய நாலு கம்ப்யூட்டர்களும், வழிகாட்ட ஒருவரும் இருக்கச் செய்வது அசாத்தியமன்று. கருவியால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சுவோருக்கும் இதுவே விடை: தனியறையிலுள்ள கைப்பேசியைவிடப் பலர் பார்வையிலுள்ள பொதுக் கருவி பத்திரமானது.

வாசகர்கள் இன்று மாலையே தங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்று பார்க்கட்டும். கதவு பூட்டியிருந்தால், ஏன் என்று கேட்பது வரி செலுத்தியவனின் உரிமை. பிள்ளை பெற்றவனின் கடமை.