ஒரே நாளில் பிறந்த இருவர்



1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. அமெரிக்காவின் கென்டக்கியில் மரக்கட்டைகளால் ஆன ஓரறைக் குடிசையில் பிறந்தவர் ஆபிரகாம் லிங்கன். இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் செல்வம் மிக்க மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் பிறந்தவர் சார்லஸ் டார்வின். பிரசங்கிகளுக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடித்தமானது. அந்நாளில் தேவன் ஒரு விடுதலை வீரனை அனுப்பினார், சத்துருவோ ஒரு வஞ்சகனை அனுப்பினான் என்று கூறி, கோதுமையையும் களைகளையும் நினைப்பூட்டி முடிப்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் இந்த உவமை நம் பிரசங்க பீடத்திலிருந்து ஒலிக்கலாகாது என்றே நான் கருதுகிறேன்.

பிறந்த நாளுக்கு அத்தனை வல்லமை இல்லை. பரிசுத்த அகுஸ்தீன் தமது 'அறிக்கைகள்' நூலின் 7ஆம் புத்தகத்தில் ஃபிர்மினுஸ் என்னும் நண்பரைக் குறித்து எழுதுகிறார். ஃபிர்மினுஸ் பிறந்த அதே நொடியில், அவர் தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இருவருக்கும் ஒரே ஜாதகம். ஒருவர் செல்வத்திலும் மதிப்பிலும் உயர்ந்தார். மற்றவர் அடிமையாகவே உழைத்தார். ஜாதகம் பாராத நம் வீடுகளிலும் பிறந்த தேதியைக் கூட்டி எண் பார்க்கும் வழக்கம் மெல்ல நுழைந்திருப்பதால் இதைச் சொல்லுகிறேன். 12ஐக் கூட்டினால் 3 வரும் என்கிறார்கள். அந்த 3, லிங்கனுக்கும் டார்வினுக்கும் பொதுவாக எதைச் சொல்லிவிடும்?

இனி, 'ஒளியும் இருளும்' என்ற பிரிவினைக்கு வருவோம். அடிமைத்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டார்வினின் தாய்வழிப் பாட்டனார் ஜோசையா வெட்ஜ்வுட், விலங்கிடப்பட்ட அடிமை ஒருவன் முழங்காலிட்டுக் கேட்கும் உருவத்தைப் பதக்கமாகச் செய்து 1787இல் பரப்பியவர். அந்தக் குடும்பத்தில் வளர்ந்த டார்வின், 1832இல் பிரேசிலில் பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராயோடு இதன்பொருட்டு மோதினார். ஓர் எஜமான் தன் அடிமைகளை வரவழைத்து, விடுதலை வேண்டுமா என்று கேட்டபோது அனைவரும் வேண்டாம் என்றார்களாம். ஃபிட்ஸ்ராய் அதைச் சான்றாகக் காட்டினார். எஜமானின் முன்னிலையில் அடிமை சொல்லும் பதிலுக்கு மதிப்பு உண்டோ என்று டார்வின் கேட்டார். கப்பல் தலைவருக்குக் கோபம் மூண்டது. இனி இருவரும் ஒன்றாக வாழ இயலாது என்றுவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பது வேறு. லிங்கனோ, 1861இல் பதவியேற்றபோது, அடிமைமுறை ஏற்கனவே உள்ள மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கம் தமக்கு இல்லை என்றே அறிவித்தார். விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. இதனால் லிங்கன் சிறியவராகிவிடவில்லை. ஆனால் நம் உவமை பொருந்தாமல் போகிறது.

விசுவாசத்திலும் அப்படியே. லிங்கன் வேதத்தை நன்கு அறிந்தவர். ஆனால் எந்தத் திருச்சபையிலும் அங்கத்தினராகச் சேரவில்லை. 1865இல் பெரிய வெள்ளியன்று சுடப்பட்டு அவர் மரித்தபோது, ஈஸ்டர் ஞாயிறு பிரசங்கங்களில் பலர் அவரைக் கிறிஸ்துவுக்கே ஒப்பிட்டார்கள். அது மிகையென்றே எண்ணுகிறேன். டார்வினோ போதக ஊழியத்தை எண்ணிக் கேம்பிரிட்ஜில் படித்தவர். அவருடைய விசுவாசம் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 1851இல் பத்து வயது மகள் ஆனி மரித்ததில் அவர் உள்ளம் உடைந்தது. லிங்கனும் இரண்டு மகன்களை அடக்கம் செய்தவர். ஒருவனை 1862இல், வெள்ளை மாளிகையில் வாழ்ந்த நாளில். இருவருமே பத்து வயதுக்கு முன் தாயை இழந்தவர்கள். இத்தகைய துக்கத்தில் ஒருவர் ஏன் தேவனை நோக்கி நெருங்கினார், மற்றவர் ஏன் விலகினார் என்பதை நான் விளக்க முற்படேன். நம் சபையிலும் பிள்ளையை இழந்த பெற்றோர் இருக்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்ற கதை இன்னும் சொல்லப்படுகிறது. ஹோப் சீமாட்டி என்பவர் சொன்னதாக 1915இல், டார்வின் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கதை அது. மரணப்படுக்கையின் அருகிலிருந்த அவர் மகள் ஹென்ரியட்டா 1922இல், அதுவும் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையிலேயே, அதை வெளிப்படையாக மறுத்தார். ஒன்பதாம் கற்பனை பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைத் தடைசெய்கிறது. மரித்த பிறனுக்கு அதில் விலக்கு இல்லை. நல்ல நோக்கத்தோடு சொல்லும் பொய்க்கும் இல்லை.

உயிரியல் படிக்கும் நம் வாலிபன் ஒருவன் தன் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் இந்த மறுப்பைக் கண்டுபிடிப்பான். டார்வினைக் குறித்து அசட்டையாகப் பேசிய அதே வாய், திறந்த கல்லறையைக் குறித்துப் பேசும்போது அவன் எப்படி நம்புவான்? ஆகையால் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களையும் வாலிபர் குழுத் தலைவர்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: பிப்ரவரி 12 அன்று அந்தக் கதை வாட்ஸ்அப்பில் உங்களை வந்தடைந்தால் அதை மற்றவர்க்கு அனுப்பாதிருங்கள், அனுப்பியவருக்கு ஹென்ரியட்டாவின் மறுப்பைப் பணிவோடு எழுதித் தெரிவியுங்கள்.