இசைத்தட்டுகளும் பாமரச் செவியும்

சங்கீத ஞானம் சிறிதும் இல்லாதார் சங்கீதத்தைக் குறித்து எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதார் ஆற்றின் ஆழத்தை அளந்து கூற முற்படுவதையொக்கும் என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் நமக்கு வருத்தமில்லை. நாம் பாடக் கற்றதில்லை. வாத்தியம் எதையும் தொட்டதில்லை. ஆதி தாளத்துக்கும் ரூபகத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கையால் போட்டுக் காட்டும்படி கேட்டால் விழிப்போம். ஆயினும் ஐம்பது ஆண்டுகளாக இசைத்தட்டுகளைக் கேட்டு வருகிறோம். கேட்டவர்க்கு அபிப்பிராயம் உண்டாகாமல் இராது. அதைச் சொல்ல உரிமை உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி நமக்கு வெறும் வாதப் பொருளன்று. இளமையில் ஒரு முறை, நகரத்துச் சபையொன்றில் கச்சேரியின் நடுவே நம்மையறியாமல் ‘ஆகா’ என்று சொல்லிவிட்டோம். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர் திரும்பி, “தம்பி, அபஸ்வரம் விழுந்த இடம் இது, இங்கே ஆகா சொல்லக் கூடாது” என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அன்றுமுதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எந்தக் கச்சேரியிலும் நாம் வாய் திறக்கவில்லை. இன்று நம் கலாசாலைக்குக் கிராமங்களிலிருந்து வரும் மாணவரை, ‘நேற்றுக் கேட்டது எப்படி இருந்தது?’ என்று வினவினால், ‘எனக்குச் சங்கீதம் தெரியாது, ஐயா’ என்று தலை குனிகிறார்கள். அந்த மறுமொழியை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நமது ஊர் மல்லாங்கிணறு. காரியாபட்டிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட கரிசல் நிலம். கலியாணம், காதுகுத்து, சடங்கு, கோயிற்கொடை எதுவாயினும் முதற்காரியம் வேப்பமரத்தின் உச்சியில் குழாய் ரேடியோ கட்டுவதுதான். அத்தொழிலைச் செய்தவர் நம் தாய்மாமன். தகரப் பெட்டியில் தட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியால் துடைத்து, ஊசி மாற்றும் வேலையை மட்டும் நம்மிடம் விடுவார். தட்டுகளுக்கு அவரிடத்தில் ஜாதி வேற்றுமை கிடையாது. பிள்ளையார் பாட்டு ஒன்று முதலில், அதன்பின் கொடுமுடி சுந்தராம்பாள், அதன்பின் நாகூர் ஹனிபா, அதன்பின் பாகவதர், பந்தி நடக்கும்போது புதிய சினிமாப் பாட்டுகள். எது சாஸ்திரீயம், எது மெல்லிசை, எது எந்த மதத்தது என்ற விசாரணை கலாசாலைக்கு வந்தபிறகே நமக்கு அறிமுகமாயிற்று.

அந்தக் குழாயின் குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது கீழ்க்குரலை விழுங்கிவிடும். உச்சக்குரலை மட்டும் இரண்டு மைல் தூரம் எறியும். மிருதங்கம் என்ற ஒன்று அப்பாட்டுகளில் இருக்கிறது என்பதே நமக்குப் பதினெட்டாம் பிராயம்வரை தெரியாது. செங்கோட்டைக் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி வருமுன் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர்கள். ஆகவே குழாய் அவர்களுக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. கிட்டப்பா 1933-இல், முப்பது வயது நிறையுமுன்னே மறைந்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டு கழித்து, பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவர் குரல் வந்ததும் களைக்கொட்டைக் கீழே வைத்து நிமிர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருத்திக்கும் அது இன்ன ராகம் என்று தெரியாது. சிவகாசியிற் பிறந்து, வேலன் வேடத்திலிருந்தே தேசியப் பாட்டுப் பாடிச் சிறை சென்று, 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மேடையிலேயே உயிர்நீத்த விசுவநாததாசைப்பற்றி மாமன் ஓயாமல் பேசுவார். ஆனால் அவர் தட்டு ஒன்றும் நம் பெட்டியில் இருந்ததில்லை. அந்தக் குரலை நாம் கேட்டதேயில்லை. தட்டு என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதை அந்தக் குறையினாலேயே அறிந்தோம்.

பழைய அரக்குத் தட்டு நிமிஷத்துக்கு 78 தடவை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே கொள்ளும். கல்கத்தாவில் 1902-இல் பாடிய கௌஹர் ஜான் அம்மையார் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி முடிப்பார். தட்டு அச்சிடுவது ஜெர்மனி தேசத்து ஹானோவர் நகரில். அங்குள்ளவர்கள் பாடியவர் யாரென்று அறியவேண்டுமல்லவா? மணிக்கணக்கில் தோடி வாசிக்க வல்ல திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கவேண்டியவரானார். அமெரிக்காவில் 1948-இல் நெடுந்தட்டு வந்தபின்னரே, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம், ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி ஒரு முழு நூலைப்போல் கேட்கலாயிற்று. உலகத்தார் இன்று ‘ஆல்பம்’ என்று கொண்டாடும் பேர்பெற்ற தட்டுகளிற் பெரும்பாலானவை இவ்வகையின.

அவற்றுட் சிலவற்றை நாம் கேட்டபோது நேர்ந்ததை மறைக்காமல் சொல்லுகிறோம்.

எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1963-இல் அளித்த வேங்கடேச சுப்ரபாதத்தை நாம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். ஒரு தடவையும் கேட்டதில்லை. நமக்கு அது ஒரு கடிகாரம். அது முடியுமுன் முதல் பேருந்து காரியாபட்டியிலிருந்து வந்துவிடும். பல ஆண்டு கழித்துக் கதவை அடைத்துக்கொண்டு அமர்ந்து கேட்டபோதுதான், உடன் பாடும் ராதா விஸ்வநாதனின் குரல் தனியே நம் செவிக்குப் புலப்பட்டது. இருந்தும் பாதிக்குமேல் நம் மனம் கடைக்காரர் பாலாற்றும் சத்தத்துக்கே போய்விட்டது. அது அத்தட்டின் குற்றமன்று.

மைல்ஸ் டேவிஸ் என்னும் நீக்ரோவர் இனத்துப் பெருங்கலைஞரின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959-இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாயிருந்த ஒரு கட்டடத்தில், இரண்டே நாளில் பதிவாயிற்று. வாசிப்பவர்களுக்கு முன்கூட்டி எழுதிக் கொடுத்தது சிறு குறிப்புகளே என்பர். முதல் தடவை நமக்குத் தூக்கம் வந்தது. அடுப்பிலேற்றிய பால் பொங்காமலே இருப்பதுபோல் தோன்றியது. மூன்றாம் தடவை, மின்சாரம் நின்ற ஓரிரவில், மாமன் கட்டிலருகே வைத்துக் கேட்டோம். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. சிறிது நேரம் பேசாதிருந்து, “எந்த வீட்டுல மருமகனே எழவு?” என்றார். எழவு இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டு என்றோம். இன்னும் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “எவனோ நல்லா அழுகுறான், கத்தாம அழுகுறான்” என்றார். அத்தட்டைப்பற்றி நாம் படித்த விமரிசனம் எதுவும் இதற்கு ஈடாகவில்லை. நாதஸ்வரக்காரர் ராகத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டுப் போவதை அறிந்த செவிக்கு அது அந்நியமன்று என்பது நமக்கும் அப்போதுதான் புலனாயிற்று.

கனடா தேசத்துக் கிளென் கூல்டு, பாக் இயற்றிய கோல்ட்பெர்க் மாறுபாடுகளை 1955-இல் ஒரு முறையும் 1981-இல் ஒரு முறையும் வாசித்துப் பதிந்தார். முதலது வாலிபனின் ஓட்டம். பின்னது, மறு ஆண்டே மறைந்தவரின் நடை. நமக்குப் பின்னதே பிடித்திருக்கிறது. வாசித்துக்கொண்டே அவர் வாய்க்குள் முனகுவது தட்டிலே கேட்கிறது. குறையென்று சிலர் எழுதுகிறார்கள். நமக்கோ, ஊசியை வைத்துவிட்டு மாமன் தம்மை மறந்து முனகுவது நினைவுக்கு வந்து, அந்த மனிதர்மேல் அன்பு பிறந்தது.

பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜெண்ட் பெப்பர்’ 1967-இல் வந்தது. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாற்போல் இருந்தது. மகிழ்ச்சிதான், வீடு திரும்பியபின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதில் நாம் பிழைபட்டிருக்கலாம்.

இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ தட்டைப் பாக் பெருமானுக்கும் தியாகராஜருக்கும் ஒருங்கே அர்ப்பணித்திருக்கிறார். பண்ணைப்புரத்துப் பிள்ளையொருவர் அவ்விருவர் சந்நிதியிலும் கூசாமல் நின்றதைக் கேட்டபோது, சபையில் வாய் மூடிய நமக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. நரசிம்மனின் வயலின் தனியே எழும் இடங்களை இன்றும் தேடிக் கேட்கிறோம். ஆனால் 2005-இல் வந்த அவருடைய திருவாசகத் தட்டில், புடாபெஸ்ட் நகரத்துப் பெருங்குழுவின் ஓசைப் பெருக்கில் மணிவாசகரின் சொல் சில இடங்களில் அமிழ்ந்துபோகிறது. போப்பையர் 1900-இல் அந்நூலை ஆங்கிலமாக்கியபோது மயங்கியது அச்சொல்லிலேதானே?

கடைசியாக ஒன்று. பேர்பெற்ற தட்டுகளின் வரிசை எதிலும் காணாதது. 1984-இல் வெளிவந்த ‘விதி’ என்னும் படத்தின் வசனம் முழுவதும் நாடாவாக விற்றது. வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண் நியாயஸ்தலம் ஏறி வழக்காடும் கதை. பாட்டன்று, பேச்சு. எங்கள் ஊர்ப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து அதைப் பத்துத் தடவை, இருபது தடவை கேட்டார்கள். வக்கீல் அடுத்து என்ன கேட்பார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இருந்தும் ஒவ்வொரு முறையும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். நாடா முடிந்தபின் நம் அத்தை ஒருத்தி, பெயர் சொல்லாமல், எங்கள் தெருவிலேயே நடந்த ஒரு காரியத்தைப் பேசத் தொடங்கினாள். அதுவரை அத்தெருவில் எவரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. அழியாப் புகழுடைய தட்டு எது என்பதற்கு விதி செய்வோர் இதை என்ன செய்வார்கள்? நாமாயின் முதல் வரிசையில் வைப்போம். ஒப்பாரியும் பறையும் தட்டேறுவது அரிதாயிருந்த காலத்தில், எங்கள் பெண்களின் வழக்கு தட்டேறியது இவ்வொரு வழியில்தான்.

பெரியவர் கூறிய அபஸ்வரத்தை இன்றும் நாம் மறுக்கவில்லை. கற்றவர் அறிந்தது நமக்குத் தெரியாது. கற்க முயல்வது நன்றே. ஆனால் கற்றபின்தான் ‘ஆகா’ சொல்லலாம் என்றால், களைக்கொட்டைக் கீழே வைத்த அப்பெண்கள் யார்? பாடியவர் அவர்களுக்காகப் பாடவில்லையா?

இனி ஒரு விண்ணப்பம். இக்காலத்து மாணவர் கைப்பேசியில் ஒரு பாட்டின் நடுத்துண்டை அரை நிமிஷம் கேட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். அவர்களைப் பழிப்பதில் பயனில்லை; முழுத் தட்டையும் கேட்க இடமேது, பொழுதேது? நமது புத்தகசாலையின் மேல்மாடியில் வெறுமையாய்க் கிடக்கும் சிறு அறையை வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். ஒரு தட்டு, முதலிலிருந்து முடிவுவரை. முன்னுரை வேண்டா, பிரசங்கம் வேண்டா. கேட்டபின் எவரும் எதுவும் சொல்லலாம். ‘தூக்கம் வந்தது’ என்றும் சொல்லலாம். மாமனிடமிருந்து உடையாமல் மிஞ்சிய பதினொரு தட்டுகளை நாம் கொண்டுவந்து தருகிறோம். ஊசி மாற்றும் வேலையும் நமக்குத் தெரியும்.